லாக் எங்க இருந்து வருது? வயருக்கும் வைஃபைக்கும் ஒரு சின்ன வரலாறு

கேம் லாக் அடிச்சால் நாங்கள் முதலில் திட்டுறது இன்டர்நெட் பக்கேஜைத்தான். கூடின ஸ்பீட் எடுத்தால் சரிவரும் எண்டு நினைக்கிறோம். காசு கட்டி எடுத்த பிறகும் அதே லாக். ஒன்லைன் கேம் ஒன்று விளையாடும்போது அனுப்புவதும் வாங்குவதும் சின்னச் சின்னத் தகவல் பொட்டலங்கள். அவற்றுக்குப் பெரிய ஸ்பீட் தேவையில்லை, ஆனால் ஒவ்வொன்றும் நேரத்துக்குப் போய்ச்சேர வேணும். ஆகவே கேள்வி ஸ்பீட் எவ்வளவு எண்டது இல்லை, பொட்டலம் எங்க காத்து நிக்குது எண்டதுதான்.

வயர் பழசு, வயர்லெஸ் புதுசு எண்டு எங்களில் பலர் நினைக்கிறோம். கணினி வலையமைப்பைப் பொறுத்தவரை கதை கொஞ்சம் வேற. 1971இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்ரம்சனும் அவரது குழுவினரும் அலோஹாநெட் என்ற வானொலி வலையமைப்பை இயக்கத் தொடங்கினார்கள். எல்லாருக்கும் பொதுவாக ஒரே அலைவரிசை. விதி மிகவும் எளிது: அனுப்ப ஏதும் இருந்தால் அனுப்பு. கிடைத்தது எண்டு பதில் வராட்டி, இன்னொருவரின் தகவலோட மோதிட்டுது எண்டு எடுத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் பொறுத்துத் திரும்ப அனுப்பு. இந்த விதியில் அலைவரிசையின் கொள்ளளவில் உச்சமாக ஏறத்தாழ 18 வீதம்தான் பயன்படும் எண்டு கணக்கு காட்டியது. மிச்சம் மோதலிலும் வெறுமையிலும் போனது.

அமெரிக்காவின் செரொக்ஸ் பார்க் ஆய்வுகூடத்தில் இருந்த ரொபர்ட் மெட்காஃப் இந்த முறையைப் படித்து, அதில் இருந்து தன்ர யோசனையை எடுத்தார். 1973 மே 22ஆம் திகதி அவர் எழுதிய குறிப்பில்தான் ஈதர்நெட் என்ற பெயர் வருகிறது. ஒளியைக் காவிச் செல்வதாக ஒருகாலம் விஞ்ஞானிகள் நம்பிய 'ஈதர்' என்ற ஊடகத்தின் பெயர் அது. டேவிட் பொக்ஸோடு சேர்ந்து அவர் செய்த வலையமைப்பில் எல்லாக் கணினியும் ஒரே கேபிளைப் பகிர்ந்தன. ஆனால் அலோஹாவில் இல்லாத ஒரு ஒழுங்கு இருந்தது: அனுப்ப முதல் வேற யாரும் கதைக்கினமோ எண்டு கேள், மோதினால் உடனே நிறுத்து.

பகிர்ந்தது கேபிளாக இருந்தாலும் நெரிசல் நெரிசல்தான். 1993 டிசம்பர் 10 வெளியான 'டூம்' அதைக் காட்டியது. அதன் முதல் பதிப்பு ஒவ்வொரு பொட்டலத்தையும் வலையமைப்பில் உள்ள எல்லாக் கணினிக்கும் அனுப்பியது. நாலு பேர் விளையாட, விளையாடாத கணினிகளும் அதை வாங்கிப் பார்த்து எறிய வேண்டியிருந்தது. பல பல்கலைக்கழகங்களிலும் அலுவலகங்களிலும் டூமுக்குத் தடை வந்ததுக்கு இதுவும் ஒரு காரணம்.

தொண்ணூறுகளில் பரவிய ஸ்விட்ச்தான் கேபிளை மாற்றியது. ஒவ்வொரு கணினிக்கும் தனி வயர், அந்த வயரில் ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் வழி. இதோட மோதல் எண்ட பிரச்சினையே இல்லாமல் போனது. இண்டைக்கு ரவுட்டருக்குப் பின்னால இருக்கிற அந்த லேன் ஓட்டைகளும் இதே வேலையைத்தான் செய்யுது.

வைஃபைக்கான முதல் தரநிலை 1997இல் வந்தது, வேகம் 2 மெகாபிட். இப்ப அது நூற்றுக்கணக்கான மடங்கு கூடிட்டுது. ஆனால் காற்றைத் தனித்தனி வயராகப் பிரிக்க ஏலாது. அனுப்பிக்கொண்டிருக்கிற கருவிக்குத் தன்ர சத்தத்துக்குள்ள மற்றவரின் சத்தம் கேட்காது, அதனால் மோதலை நடுவில் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே வைஃபை முதலே கேட்டு, பொறுத்து, அனுப்பிவிட்டுப் பதிலுக்கும் நிக்குது. தங்கச்சியின்ர ஒன்லைன் வகுப்பு, அப்பாவின்ர யூடியூப், பக்கத்து வீட்டு ரவுட்டர் எல்லாம் ஒரே அலைவரிசையில் வந்தால், எங்கட பொட்டலமும் தன்ர முறை வரும்வரை நிக்கும். 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறினால் இடம் கூட, நெரிசல் குறைவு. ஆனால் சுவர் தாண்டினால் சிக்னல் வேகமாகக் குறையும்.

கேபிளும் எல்லாத்தையும் தீர்க்காது. கொழும்பில் இருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீற்றர்தான் போகும். சேர்வர் அங்க இருந்தால் போய்வரக் குறைஞ்சது 27 மில்லிசெக்கன், எந்த பக்கேஜ் எடுத்தாலும் அதுக்குக் கீழ இறங்காது. வீட்டில் ஒருவர் பெரிய வீடியோ ஒன்றை அப்லோட் பண்ணினால், ரவுட்டரின் வாசலில் வரிசை நீளும். வயரில் வந்த பொட்டலமும் அந்த வரிசையில் நிக்கத்தான் வேணும்.

அதனால் பக்கேஜை மாத்துறதுக்கு முதல் உங்கட ரவுட்டருக்கே ஒருக்கா பிங் போட்டுப் பாருங்கோ. அங்கேயே எண் ஏறி இறங்கினால் பிரச்சினை வீட்டுக் காற்றில். ஒரு லேன் வயர் வாங்கினால் காணும், மாதாமாதம் கூடக் காசு கட்டத் தேவையில்லை. அங்க எண் அசையாமல் நிண்டால் மட்டும் வெளியில தேடுங்கோ.