என்8என் தளத்துடன் உதவியாளர் இணைப்பு

பெர்லினில் யான் ஓபர்ஹவுசர் 2019-இல் தொடங்கிய என்8என், மின்னஞ்சல், விரிதாள், ஸ்லாக் போன்றவற்றைக் கோத்து அன்றாட வேலைகளைத் தானாக ஓடவிடும் தளம். கிளாட் போன்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளரை இதனுடன் இணைக்க உதவுவது எம்சிபி. இது ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட திறந்த நெறிமுறை.

இணைப்பு வேலை சிறியதுதான். என்8என்-இல் 'எம்சிபி சர்வர் டிரிகர்' என்ற கணுவை (node) வைத்தால் ஒரு முகவரி கிடைக்கும். அதை உதவியாளரின் அமைப்பில் சேர்த்ததும், அந்தக் கணுவோடு பிணைத்த கருவிகளின் பெயரும் விளக்கமும் உதவியாளருக்குத் தெரியவரும். "நேற்றைய ஆர்டர்களை விரிதாளில் ஏற்று" என்று சொன்னால், உதவியாளர் விளக்கத்தைப் படித்தே கருவியைத் தேர்கிறது. விளக்கம் அரைகுறை என்றால் தேர்வும் தடுமாறும். கோட்டைவிடுவது பெரும்பாலும் இங்கேதான்.

முகவரிக்கு டோக்கன் பூட்டு அவசியம். இல்லாவிட்டால் முகவரி கிடைத்த எவரும் கருவிகளை இயக்கலாம்.