ஆளைச் சுமக்கும், ஆள் தலையிலும் ஏறும்: பரிசல் பிறந்த கதை

ஊட்டிக் காந்தல்காரர்களுக்குப் படகு பார்க்க எங்கும் போக வேண்டியதில்லை. ஊட்டி ஏரி பக்கத்திலேயே இருக்கிறது. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் மலையோடைகளை மறித்து உண்டாக்கிய ஏரி அது. 1973-லிருந்து தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் அதில் படகு விடுகிறது. மிதிபடகு, துடுப்புப் படகு, மோட்டார் படகு என்று சீசனில் ஏரியே தெரியாது. ஆனால் இவை எல்லாமே ஒரே தண்ணீரில் கட்டுண்டவை. இதில் ஒன்றை பைக்காரா பக்கம் கொண்டுபோக வேண்டுமென்றால் லாரி வேண்டும், தூக்கி வைக்க நாலு ஆள் வேண்டும், இறக்குவதற்குத் தோதான கரையும் வேண்டும்.

ஏரியிலிருந்து வழியும் தண்ணீர் காமராஜ் சாகர் அணை வழியாக மலை இறங்கி, கடைசியில் மாயாற்றில் சேர்கிறது. அந்த மாயாற்றங்கரையில் இருக்கிறது தெங்குமரஹாடா. கோத்தகிரி தாலுகாவைச் சேர்ந்த ஊர். அதாவது அதுவும் நீலகிரி மாவட்டம்தான். 1948-ல் கூட்டுறவு விவசாயச் சங்கம் அமைத்து, வனத்துறை நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் குடியேறியவர்கள் உண்டாக்கிய ஊர். பவானிசாகர் பக்கமிருந்து காட்டுக்குள் வரும் பஸ் ஆற்றங்கரையோடு நின்றுவிடும். அக்கரைக்குப் போக மனிதர்களும் அரிசி மூட்டையும் நம்பியிருப்பது பரிசலை. முதலைகள் வாழும் ஆறு அது. ஆழம் குறைவாக இருந்தாலும் இறங்கி நடக்க யோசிக்கத்தான் வேண்டும்.

மலைமேல் இருக்கும் படகுக்கும் மலையடியில் இருக்கும் பரிசலுக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. பரிசல்காரர் வேலை முடிந்ததும் பரிசலைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு போய்விடுவார்.

வண்டி ஏறிய படகு

சிறு படகை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோய், அங்கே மிதக்கவிட்டு மீன்பிடிப்பது இன்று உலகம் முழுக்க ஒரு பெரிய பொழுதுபோக்கு. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் காருக்குப் பின்னால் இரண்டு சக்கர டிரெய்லரைக் கோத்து, அதில் படகை ஏற்றிக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகிறார்கள். நீர்நிலைக்கு வந்ததும் சிமென்ட் சரிவில் டிரெய்லரைப் பின்னோக்கி இறக்கினால், படகு தானாக மிதந்து கழன்றுகொள்ளும்.

இந்த வழக்கத்துக்கு வயது அதிகமில்லை. கழற்றி மாட்டும் படகு மோட்டாரை ஓலே எவின்ரூட் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது 1909-ல். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஃபைபர் கிளாஸ் படகுகள் மலிவாக வந்தன. வீட்டுக்கு வீடு கார் வந்தது. அகலமான சாலைகள் வந்தன. மூன்றும் சேர்ந்த பிறகுதான் டிரெய்லர் படகு பெருகியது. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் படகு வீட்டு வாசலோடு நின்றிருக்கும்.

நம் ஆற்றங்கரைகளில் காரும் இல்லை, சிமென்ட் சரிவும் இல்லை. இருந்தது மூங்கிலும் மாட்டுத்தோலும். படகை ஏற்றிப்போக வண்டி தேடுவதற்குப் பதிலாக, ஓர் ஆள் தூக்கும் எடையில் படகையே செய்துவிட்டார்கள்.

ஆறு கேட்ட வடிவம்

காவிரியோ துங்கபத்திரையோ, தக்காணத்து ஆறுகளின் குணம் ஒன்றுதான். மழைக்காலத்தில் கரை புரளும். கோடையில் பாறைகளுக்கு நடுவே ஓடையாகச் சுருங்கும். ஒரு மடுவில் இரண்டு ஆள் ஆழம், அடுத்த மடுவுக்கு முன்னால் நீளமாகப் பாறைத் திட்டு. அடிக்கட்டை வைத்த மரப்படகு இந்த ஆற்றில் ஒரு நாள் தாங்காது. பாறையில் மோதினால் பிளக்கும், ஆழமில்லாத இடத்தில் தரைதட்டி நிற்கும்.

பரிசலுக்கு அடிக்கட்டை கிடையாது. அடி தட்டையாக இருப்பதால் முழங்கால் தண்ணீரிலும் மிதக்கும். மூங்கில் வளைந்து கொடுப்பதால் பாறையில் இடித்தாலும் துள்ளி விலகும். முன்பக்கம் பின்பக்கம் என்று எதுவும் இல்லாததால் சுழலில் மாட்டினாலும் திருப்பிக்கொள்வது எளிது. தண்ணீர் தீர்ந்த இடத்தில் தலைக்கு ஏறிவிடும்.

ஒகேனக்கலில் இதை நேரிலேயே பார்க்கலாம். பரிசல் பாறைத் திட்டை ஒட்டி நிற்கும். "இறங்குங்க சார், கொஞ்ச தூரம் நடக்கணும்" என்பார் பரிசல்காரர். ஏறி வந்தவர்கள் இறங்கியதும் துடுப்பை உள்ளே செருகி, பரிசலை விளிம்பில் நிமிர்த்தி, குனிந்து முதுகைக் கொடுத்து ஒரே எத்தில் தூக்கிக் கவிழ்த்துக்கொள்வார். எதிரே நிற்பவருக்குத் தெரிவது இரண்டு கால்கள் மட்டும்தான். பாறைமேல் நடந்து, அந்தப் பக்கத் தண்ணீரில் பரிசலை இறக்கி, மறுபடி எல்லோரையும் ஏற்றிக்கொள்வார்.

கழுதை ஏறிய தோல்

இந்த யோசனை நமக்கு மட்டும் தோன்றியதல்ல. ஈராக்கில் டைக்ரிஸ், யூப்ரடீஸ் ஆறுகளில் குஃபா என்ற வட்டப் படகு இருபதாம் நூற்றாண்டிலும் ஓடியது. நாணலைக் கயிறாகச் சுற்றிப் பின்னி, மேலே நிலக்கீல் பூசுவார்கள். ஏறக்குறைய 3,700 ஆண்டுகளுக்கு முந்தைய பாபிலோனியக் களிமண் பலகை ஒன்று, பிரளயத்திலிருந்து உயிர்களைக் காத்த பேழையை மிகப்பெரிய பரிசலாக வர்ணிக்கிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியக அறிஞர் இர்விங் ஃபிங்கல் அதைப் படித்து 2014-ல் நூலாக வெளியிட்டார். அந்த அளவுகளைச் சுருக்கி ஒரு மாதிரிப் பேழையையும் கட்டிப் பார்த்தார்கள். கட்டிய இடம் நம் பக்கத்துக் கேரளம்.

கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எழுதியது இன்னும் சுவையானது. ஆர்மீனியாவிலிருந்து வணிகர்கள் தோல் போர்த்திய வட்டப் படகில் சரக்கேற்றிப் பாபிலோனுக்கு வருவார்கள். ஒவ்வொரு படகிலும் ஒரு கழுதையாவது பயணம் செய்யும். ஆற்றின் வேகத்தை எதிர்த்து மேலே திரும்ப முடியாது. அதனால் சரக்கையும் படகின் சட்டத்தையும் பாபிலோனிலேயே விற்றுவிட்டு, தோல்களைச் சுருட்டிக் கழுதைமேல் ஏற்றி, தரைவழியே நடந்து ஊர் போய்ச் சேருவார்கள். அங்கே புதுச் சட்டம் கட்டி, அதே தோலைப் போர்த்தி அடுத்த பயணம். வரும்போது கழுதையைப் படகு சுமந்தது; போகும்போது படகைக் கழுதை சுமந்தது.

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலும் சால்மன் பிடிக்கிறவர்கள் இதே மாதிரிப் படகை முதுகில் கட்டி நடப்பார்கள். ஒரு மனிதனின் சுமை அவனுடைய பரிசல் என்ற பொருளில் அவர்களிடம் ஒரு பழமொழியே உண்டு. சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், தென்னிந்தியப் பரிசல்களையும் பிரிட்டிஷ் பரிசல்களையும் ஒருசேர ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

விஜயநகரத்துத் துறையில்

தென்னிந்தியப் பரிசலைக் கண்ணால் கண்டு தெளிவாக எழுதியவர்களில் முக்கியமானவர் டொமிங்கோ பயஸ் என்ற போர்த்துக்கீசியர். 1520-ஐ ஒட்டி விஜயநகரத்துக்கு வந்தவர். துங்கபத்திரையைக் கடந்து ஆனெகுந்திக்குப் போகக் கூடை மாதிரியான வட்டப் படகுகள் ஓடுவதையும், உள்ளே பிரம்பும் வெளியே தோலுமாக அவை இருப்பதையும், ஒன்றில் பதினைந்து இருபது பேர் ஏறுவதையும் குறித்திருக்கிறார். மாடும் குதிரையும்கூட வேண்டுமானால் ஏறிப்போகுமாம். நேராகப் போகாமல் சுற்றிக்கொண்டே போகிறது என்பதையும் எழுத மறக்கவில்லை. ஐந்நூறு ஆண்டு கழித்து முதல்முறை ஏறுகிறவர் சொல்வதும் அதைத்தான்.

படைகளுக்கும் பரிசல் உதவியது. 1803-ல் மராட்டியருக்கு எதிரான போருக்குப் புறப்பட்ட ஆர்தர் வெல்லெஸ்லி, வழியில் குறுக்கிடும் ஆறுகளைக் கடக்கப் பரிசல்கள் செய்யச் சொன்னார். பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த அதே வெலிங்டன் பிரபு. மூங்கிலும் தோலும் எந்த ஊரிலும் கிடைக்கும். செய்யத் தெரிந்தவர்களும் கிடைப்பார்கள்.

பரிசல் கட்டும் விதம்

பரிசல் கட்ட ஆணி வேண்டாம். முற்றிய மூங்கிலை நீளமான பிளாச்சுகளாகச் சீவி, தரையில் குறுக்கும் நெடுக்கும் மூலைவாட்டமுமாகப் பரப்பிப் பின்னுவார்கள். அடிப்பாகம் அசையாமல் இருக்க மேலே கல்லை வைப்பார்கள். பிறகு சுற்றிலும் நீண்டிருக்கும் நுனிகளை ஒவ்வொன்றாக மேலே வளைத்து, பக்கவாட்டில் பிளாச்சை ஓட்டிக் கூடையாக்குவார்கள். விளிம்புதான் உயிர். தூக்கும்போதும் இறக்கும்போதும், ஆட்கள் ஏறி உட்காரும்போதும் பாரமெல்லாம் அங்கேதான் விழுகிறது. அதனால் பல பிளாச்சுகளைச் சேர்த்துத் தடிமனாக முறுக்கிக் கட்டுவார்கள்.

பழைய நாளில் மேலே போர்த்தியது மாட்டுத்தோல். தோல் ஊறிக்கொண்டே இருந்தால் அழுகும். ஒவ்வொரு நாளும் கரையேற்றிக் கவிழ்த்துக் காயவைத்தே ஆக வேண்டும். தோல் போய் உரச்சாக்கும் பிளாஸ்டிக் தாளும் வந்தன. அவற்றின்மேல் உருக்கிய தாரைப் பூசினார்கள். சாலை போடும் தார்தான். தார் விரிசல் விட்டால் மறுபூச்சு. பிளாச்சு முறிந்தால் ஒட்டுப் பிளாச்சு. மூங்கில் உளுத்துவிட்டால் புதுப் பரிசல்.

ஓட்டுவதும் ஒரு வித்தை. மற்ற படகில் துடுப்புக்காரர் பின்னால் இருப்பார். பரிசலில் போகும் திசையைப் பார்த்து முன்னால் உட்காருவார். தண்ணீரைத் தன் பக்கமாக இழுத்து, தயிர் கடைவது போலத் துடுப்பை இப்படியும் அப்படியும் அலைத்தால்தான் பரிசல் நேராகப் போகும். கை தவறினால் நின்ற இடத்திலேயே சுற்றும்.

அணைகள் வந்த பிறகு

இருபதாம் நூற்றாண்டில் ஆறுகளுக்குக் குறுக்கே அணைகள் எழுந்தன. 1934-ல் மேட்டூர், 1955-ல் பவானியும் மாயாறும் கூடும் இடத்தில் பவானிசாகர். பாலங்கள் பெருகப் பெருக ஆறு கடக்கும் வேலை பரிசலுக்குக் குறைந்தது. ஆனால் விரிந்த நீர்த்தேக்கங்களில் மீன்பிடி வேலை கூடியது. மாலையில் பரிசலில் போய் வலை விட்டு வருவார்கள். விடிகாலையில் போய்க் கட்லாவும் ரோகுவும் ஜிலேபியுமாக அள்ளி வருவார்கள். இயந்திரச் சத்தம் இல்லை, டீசல் செலவும் இல்லை. கோடையில் தண்ணீர் உள்வாங்கி, நேற்றைய கரை இன்று வெறும் சேறாகிவிட்டாலும், பரிசலைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் இருக்கும் இடத்துக்கு நடந்துவிடலாம்.

ஓர் அணையில் மீன் குறைந்தால் இன்னோர் அணைக்குக் கிளம்பும் குடும்பங்களும் உண்டு. பரிசல், வலை, பாத்திரம் எல்லாம் சரக்கு வண்டியில் ஏறும். கரையில் கவிழ்த்துக் குச்சி முட்டுக் கொடுத்தால், மழைக்கும் வெயிலுக்கும் அதுவே கூரை.

இப்போது ஃபைபர் பரிசல் வந்துவிட்டது. தார் பூச வேண்டாம், உளுக்காது, ஆண்டுக்கணக்கில் உழைக்கும். மீனவர்கள் அதை விரும்புவதில் குறைசொல்ல எதுவும் இல்லை. ஆனால் உடைந்தால் ஆற்றங்கரையில் உட்கார்ந்து சரிசெய்ய முடியாது. பாறையில் மூங்கில் போல வளைந்து கொடுக்கவும் கொடுக்காது.

தெங்குமரஹாடாவிலும் கதை மாறுகிறது. புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் ஊர் என்பதால், 495 குடும்பங்களுக்குத் தலா 15 லட்சம் ரூபாய் கொடுத்து வேறிடத்தில் குடியமர்த்தும் திட்டம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஊர் காலியானால் அந்தத் துறையில் பரிசலுக்கு வேலை இருக்காது.

ஆனால் மூங்கில் பரிசலுக்கு உண்மையான தட்டுப்பாடு கட்டுகிற கையிலும் மூங்கிலிலும்தான். காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரப் பட்டியலிலிருந்து 2017-ல் மத்திய அரசு நீக்கியது. பட்டா நிலத்தில் வளர்த்த மூங்கிலை வெட்ட இப்போது வனச் சட்டத்தின் தடையில்லை. பரிசல்துறை ஏலத்தில் ஆண்டுதோறும் பணம் பார்க்கும் ஊராட்சி ஒன்றியங்கள், துறைக்குப் பக்கத்திலேயே கொஞ்சம் மூங்கில் நட்டு, பரிசல் கட்டத் தெரிந்தவர்களுக்குக் கொடுக்கலாம், பெரிய செலவில்லை. பரிசலில் ஏறுகிற நாமும் இரண்டு செய்யலாம். உயிர்காப்புச் சட்டையை மறுக்காமல் மாட்டிக்கொள்ள வேண்டும். பாறையில் இறங்கச் சொன்னால் முணுமுணுக்காமல் இறங்கி நடக்க வேண்டும்.