பெயர் போனாலும் வேலை போகவில்லை: ஒரு பட்லரின் வரலாறு



நம் பிள்ளைகளில் பலர் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார்கள். "ஜென்கின்ஸ்ல பில்டு உடைஞ்சு போச்சு" என்று அவர்கள் போனில் சொல்வதைக் கேட்டு, எங்கோ கட்டடம் இடிந்துவிட்டதாகப் பதறிய பெரியவர்கள் உண்டு. அந்த ஜென்கின்ஸ் யார் என்று இன்று பார்ப்போம்.

ஆண்டு விழா நாடகத்துக்கு ஒவ்வொரு வகுப்பும் தனித்தனியாக ஒத்திகை பார்த்துவிட்டு, விழா அன்று மாலைதான் முதல்முறையாக ஒன்றாக மேடை ஏறினால் என்ன ஆகும்? மென்பொருளும் பல காலம் அப்படித்தான் தயாரானது. ஆளுக்கொரு பகுதி எழுதி, கடைசியில் சேர்க்கும்போதுதான் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பது தெரியும். 1991இல் கிரேடி பூச் என்ற அமெரிக்க அறிஞர் 'தொடர் ஒருங்கிணைப்பு' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். தொண்ணூறுகளின் இறுதியில் கென்ட் பெக்கும் அவர் கூட்டாளிகளும் ஒரே நாளில் பலமுறை சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். தினமும் நோட்டுத் திருத்திய ஆசிரியர்களுக்கு இதன் அருமை புரியும். தினமும் பலமுறை சேர்த்துச் சோதிக்க மனிதரால் ஆகாது. 2001இல் குரூஸ் கண்ட்ரோல் என்ற மென்பொருள் அந்த வேலையை ஏற்றது.

அதன்பிறகு வந்தவர் கோசுகே காவாகுச்சி. ஜப்பானியர், அமெரிக்காவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அவர் எழுதியதைச் சேர்த்தால் மற்றவர்களின் வேலையும் சேர்ந்து நின்றுவிடும். கூட இருந்தவர்கள் கோபப்படுவார்கள். அவர்கள் கண்ணில் படும் முன்பே பிழையைத் தனக்குச் சொல்ல ஒரு கருவி வேண்டும் என்று 2004இல் தானே எழுதத் தொடங்கினார். வீட்டு வேலைகளைக் கவனிக்கும் பட்லரைப் போல அதற்கு 'ஹட்சன்' என்று பெயர் வைத்தார். 2005இல் வெளியிட்டார். இலவசம் என்பதால் உலகமெங்கும் பலர் அதற்குத் தங்கள் பங்காகச் சிறுசிறு இணைப்புகள் எழுதிச் சேர்த்தார்கள்.

2010இல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. காவாகுச்சி அந்த ஆண்டே வெளியேறினார். தன்னார்வலர்கள் திட்டத்தை வேறு இடத்துக்கு மாற்ற நினைத்தபோது, ஹட்சன் என்ற பெயர் எங்களுக்கே சொந்தம் என்றது ஆரக்கிள். ஆயிரம் கைகள் வளர்த்த ஒன்றின் பெயர் யாருக்குச் சொந்தம்? அவர்கள் வாக்கெடுப்பு நடத்தினார்கள். 2011 ஜனவரி 29 அன்று முடிவு வந்தது: பெயரை மாற்றலாம் என்று 214 பேர், வேண்டாம் என்று 14 பேர். புதுப் பெயர் ஜென்கின்ஸ். அதுவும் ஒரு பட்லர் பெயர்தான்! பெயரை விட்டுக்கொடுத்தார்கள், வேலையை விடவில்லை. ஆரக்கிளிடம் தங்கிய ஹட்சன் எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குப் போய், சில ஆண்டுகளில் ஓய்ந்தது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஆனால் பட்லருக்கு வேறொரு தலைவலி இருந்தது. "என் கம்ப்யூட்டர்ல ஓடுதே!" என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஒரு திட்டத்துக்குப் பழைய ஜாவா, இன்னொன்றுக்குப் புதியது. இரண்டு சோதனைகள் ஒரே தரவுத்தளத்தில் எழுதி ஒன்றையொன்று கெடுக்கும். 2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் டாக்கரை அறிமுகப்படுத்தினார். மென்பொருளை, அதற்குத் தேவையான எல்லாவற்றோடும், கப்பல் கண்டெய்னர் போல ஒரு பெட்டியில் அடைக்கும் முறை அது.

ஒரு பெட்டி போதாது. இணையதளம் ஒன்றில், தரவுத்தளம் ஒன்றில், ஜென்கின்ஸ் ஒன்றில் என்று பல வேண்டும். லண்டனில் ஆர்ச்சர்டு என்ற சிறு நிறுவனம் நடத்திய பென் ஃபிர்ஷ்மன், ஆனந்த் பிரசாத் இருவரும் 'ஃபிக்' என்ற கருவியைச் செய்தார்கள். எல்லாப் பெட்டிகளையும் ஒரே கோப்பில் எழுதினால் ஒரே கட்டளையில் எழும். 2014 ஜூலையில் டாக்கர் நிறுவனம் ஆர்ச்சர்டை வாங்கியது. ஃபிக்தான் டாக்கர் கம்போஸ் ஆனது. இப்போது ஒவ்வொரு சோதனைக்கும் தனிப் பெயரில் புதுத் தரவுத்தளம் எழுப்பி, முடிந்ததும் கலைத்துவிடலாம்.

இதிலும் கண்ணிகள் உண்டு. தரவுத்தளப் பெட்டி எழுந்துவிட்டது என்பதால் அது தயார் என்று அர்த்தமில்லை. எழுந்த பிள்ளையெல்லாம் பள்ளிக்குக் கிளம்பிவிட்டதா என்ன? தயாரா என்று கேட்டுப் பார்க்கும் சோதனையையும் கோப்பில் எழுத வேண்டும். ஜென்கின்ஸின் பதிவுகளுக்குப் பெட்டிக்கு வெளியே நிலையான இடம் ஒதுக்க வேண்டும். இல்லையென்றால் பெட்டியை மாற்றும்போது பழைய பதிவுகள் கைக்குக் கிடைக்காமல் போகும். இதைவிடப் பெரியது ஒன்று. ஜென்கின்ஸே மற்றப் பெட்டிகளை எழுப்பட்டும் என்று டாக்கரின் சாக்கெட்டை அதற்குத் திறந்துவிடுகிறார்கள். அது வேலைக்காரரிடம் பீரோ சாவியையும் சேர்த்துக் கொடுப்பது போன்றது. அங்கே ஓடும் எந்த நிரலும் அந்தச் சர்வர் முழுவதையும் கைப்பற்ற முடியும். வெளியாட்கள் அனுப்பும் நிரலைச் சோதிக்கும் இடத்தில் அந்தச் சாவியைக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. நடுவில் கோடு போட்டு எழுதும் பழைய 'டாக்கர்-கம்போஸ்' கட்டளைக்கு 2023 ஜூலையோடு புதுப்பிப்புகள் நின்றுவிட்டன. இப்போது கோட்டுக்குப் பதில் இடைவெளி விட்டு எழுத வேண்டும். உங்கள் அலுவலகத்துப் பழைய கோப்புகளில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள்.