ஆயக்கட்டு இல்லாத ஏரி

நம் ஊர்களில் ஏரி என்றால் அதற்குக் கீழே வயல் இருக்கும். மதகு, மடை, கலங்கல், நீர் பாய்ச்சும் முறை என்று ஓர் ஊரே அதன் பின்னால் நிற்கும். கொடைக்கானல் ஏரிக்கு அப்படி எதுவும் இல்லை. மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் அந்தப் பள்ளத்து ஓடைகளை மறித்துக் கரை போட்டது பயிருக்காக அல்ல. படகு விடவும் மீன் பிடிக்கவும்தான். முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்தது என்கிறார்கள். கடற்கரையில் கிடந்த படகு 7,000 அடி ஏறி மலைக்கு வந்திருக்கிறது. வரவழைத்தவர் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. தூக்கி வந்தவர்கள் யாரோ?

பெங்களூர் விவேக் நகரிலிருந்து ஆகஸ்ட் 15 சலேத் மாதா திருவிழாவுக்கு நாங்கள் வேன் பிடித்துக் கொடைக்கானல் போவதுண்டு. "மூவாயிரம் அடியில் குளுகுளுவென்று உட்கார்ந்துகொண்டு நீங்கள் எதற்கு மலை ஏறுகிறீர்கள்?" என்பார் என் மதுரைச் சம்பந்தி. அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மலைவாசத்தைத் தேடிய முதல் ஆட்களும் அவருடைய மதுரையிலிருந்து தப்பித்தவர்கள்தானே. யாழ்ப்பாணத்திலிருந்து 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன்காரர்களைக் காலராவும் காய்ச்சலும் வாரிக்கொண்டு போயின. முதலில் சிறுமலைக்கு ஓடிப் பார்த்தார்கள். காய்ச்சல் அங்கேயும் விடவில்லை. பிறகுதான் பழனி மலையின் உச்சிக்குப் போய் 1845-இல் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். பி.எஸ். வார்டு 1821-லேயே அந்த மலையை அளந்து எழுதி வைத்திருந்தார். வார்டுக்கும் வெகு காலம் முன்பே அங்கே பளியர்கள் இருந்தார்கள். பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோவில் இருந்தது. (எங்கள் தெருமுனையில் குழந்தை இயேசு, அங்கே குழந்தை வேலப்பர். இரண்டு பேரிடமும் கேட்கிற வரம் ஒன்றுதான்.)

உல்லாசம் என்று நாம் இன்று சொல்வது அன்று தோள்மேல் ஏறித்தான் மலைக்குப் போனது. கொடைக்கானல் ரோடு என்ற ரயில் நிலையம் 1875-இல் வந்தது. பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது, ஊர் அங்கிருந்து வெகு தூரம். இறங்கியவர்கள் மாட்டு வண்டியில் இரவெல்லாம் குலுங்கி, பெரியகுளத்தைத் தாண்டி, மலையடிவாரத்துக் கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்புக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கிருந்து கூலி காட் என்ற மலைப்பாதையில் ஏற்றம் தொடங்கும். முடிந்தவர்கள் குதிரையிலும் நடந்தும் போனார்கள். துரைசானிகளும் குழந்தைகளும் டோலியில் உட்கார, ஆட்கள் தோள் மாற்றித் தோள் மாற்றி ஏறினார்கள். கட்டில், அலமாரி, அரிசி மூட்டை எல்லாம் தலைச்சுமைதான். மேஜர் லா பெயரால் அழைக்கப்படும் மலைச்சாலை முடிய 1914 வாக்கில் ஆயிற்று. அதுவரைக்கும் அந்த ஊரில் சுடப்பட்ட ஒவ்வொரு கேக்குக்கும் கீழே யாரோ ஒருவருடைய கால் முட்டி வலித்திருக்கிறது.

ஏரியைச் சுற்றி நட்சத்திர வடிவில் 5 கிலோமீட்டர் பாதை. படகு கிளப் 1890-இல் தொடங்கியது. பொதுமக்களுக்கும் சுற்றுலா வருகிறவர்களுக்கும் திறந்துவிட்டது 1932-இல். இடையில் நாற்பது வருஷத்துக்கு மேல். இந்த ஒரு தகவலே எனக்கு லெவிஞ்சின் கதையைவிடப் பெரிதாகப் படுகிறது. ஏரி வெட்டப்பட்ட அதே 1860-களில் சேன் சிர் என்ற இயேசு சபைச் சாமியார் கட்டிய சலேத் மாதா கோவிலில் அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. பிரான்சு நாட்டு மலையில் மாதா காட்சி கொடுத்த வருஷம் 1846. அந்த மலை மாதாவை இங்கேயும் மலைமேல்தான் வைக்க வேண்டும் என்று சாமியாருக்குத் தோன்றியிருக்கிறது.

ஏரி விஷயத்தில் பெங்களூர்க்காரர்கள் வாய் திறக்காமல் இருப்பது நல்லது. தர்மாம்புதி ஏரியை மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டாகவும் சம்பங்கி ஏரியைக் கண்டீரவா ஸ்டேடியமாகவும் ஆக்கியவர்கள் நாம். ஊருக்கு உதவிய ஏரிகளை மேடாக்கிவிட்டு, ஊருக்கு உதவ வேண்டும் என்று யாரும் நினைக்காத ஏரியில் பெடல் படகுக்கு வரிசையில் நிற்கிறோம். நம்மைப் போன்றவர்களின் வண்டி நெரிசல் தாங்காமல்தான் உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2024 மே மாதம் முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது.

எங்கள் தெருவில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் ஒரு பையன் போன தடவை எங்களோடு வேனில் வரவில்லை. கும்பக்கரைப் பக்கமிருந்து வெள்ளகவி வழியாக நடந்தே ஏறப் போவதாகச் சொன்னான். அதுவும் கூலி காட் போல ஒரு பழைய மலைப்பாதைதான். வெள்ளகவிக்காரர்கள் ஊருக்குள் செருப்புப் போடுவதில்லை. இவனும் விலை உயர்ந்த ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தானாம். வட்டக்கானலில் பார்த்தபோது முகமெல்லாம் சிவந்து, ஆனால் சந்தோஷமாக இருந்தான். கூடாரமும் சமையல் சாமானும் எங்கே என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒரு அண்ணன் தூக்கிட்டு வந்தார் ஆன்ட்டி, அதுக்குத் தனிச் சார்ஜ்" என்றான்.