உயர்திணையில் ஓர் இடம்

திருவொற்றியூர்த் தேரடியிலே மாதொருபாகன் புகழ் பாடுவோர் உண்டு. பாதி ஆண், பாதி பெண்! அவ்வுருவின் முன் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் தந்தை, தம் வீட்டுப் பிள்ளை "நான் பெண்ணப்பா" என்று வாய் திறந்தால் கழியைத் தேடுகிறார். கல்லுக்குக் கிட்டும் கனிவு கண்ணீர் வடிக்கும் பிள்ளைக்குக் கிட்டவில்லை. என்னே இவர்தம் பக்தி!

தமிழ் இம்மக்களைத் தள்ளிற்றா? இல்லை தோழர்களே. தொல்காப்பியர் கிளவியாக்கத்திலே, ஆண்மை திரிந்தோரைச் சுட்டும் பெயரை உயர்திணையிலேயே வைத்தார். தெய்வத்தைச் சுட்டும் பெயரையும் அதே நூற்பாவில் அருகிலேயே நிறுத்தினார். இலக்கணம் தந்த அந்த இடத்தைப் பறித்து, "அது", "இது" என்று பேசுவது நம் தெருக்கள்தாம்.

ஆங்கிலேயர் இன்னும் ஒருபடி சென்றனர். 1871இல் வட இந்தியப் பகுதிகளுக்கென இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதி, இத்தகையோருக்கெனப் பதிவேடு திறந்தது. அதில் பெயர் ஏறியவர் பெண்ணுடையில் வீதிக்கு வந்தாலே பிடியாணையின்றிக் கைது. ஈராண்டு வரை சிறை. சேலையே குற்றமாயிற்று!

வீட்டில் உண்மை சொன்னவர் வீட்டை இழந்தார்; வீட்டை இழந்தவருக்கு வேலை எங்கே? லிவிங் ஸ்மைல் வித்யா மொழியியலில் முதுகலை பயின்றவர். அவர் புனே நகரில் இரயிலேறிக் கையேந்த நேர்ந்ததை, 2007இல் வெளிவந்த 'நான் சரவணன் வித்யா' நூலில் தாமே எழுதினார். பட்டம் இருந்தும் படிக்கட்டில் பிச்சை! இராயபுரம் முதல் எண்ணூர் வரை, ஆலைச் சங்கொலிக்கு எழும் மக்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை: வேலை என்பது சோறு மட்டுமன்று, வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருங்கூட.

2006 டிசம்பரில் தமிழக அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பாலின அடையாளம் காட்டிப் பள்ளி, கல்லூரிகளில் இடம் மறுக்கலாகாது. பிள்ளையைக் குடும்பம் கைவிடாதிருக்க, தொண்டு நிறுவனங்களின் துணையோடு ஆசிரியர்களே பெற்றோரிடம் பேச வேண்டும் என்றது. கழி தூக்கிய தந்தைக்கும் கலங்கி நிற்கும் பிள்ளைக்கும் நடுவே நம்மைத்தான் நிற்கச் சொன்னது! வாய்ப்பாடு ஒப்பிப்பதோடு நம் பணி முடிந்ததென்று எண்ணும் ஆசிரியர் அந்த ஆணையை ஒருமுறை படிப்பாராக. 2008இல் நல வாரியம் பிறந்தது. 2014 ஏப்ரல் 15 அன்று, தம் பாலினம் இன்னதெனத் தாமே கூறும் உரிமையை உச்சநீதிமன்றம் ஏற்றது.

ஆயினும் படிவங்கள் மாறினவா? சேலத்தில் பிறந்த பிரித்திகா யாசினி, காவல் உதவி ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பித்தார். படிவத்தில் ஆண், பெண் என இரண்டே கட்டங்கள், விண்ணப்பம் தள்ளப்பட்டது. வழக்குத் தொடுத்தார், எழுத்துத் தேர்வுக்கும் உடற்தேர்வுக்கும் நீதிமன்றப் படியேறியே வழி பெற்றார். நூறு மீட்டர் ஓட்டத்தில் ஏறத்தாழ ஒரு நொடி பிந்தினார் என்று மீண்டும் தடை! 2015 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. அடுத்த தேர்விலேயே மூன்றாம் பாலினத்துக்கும் கட்டம் வேண்டுமென்றது. 2017இல் தருமபுரியில் அவர் பொறுப்பேற்றார்.

எண்ணூர்ச் சாலையின் ஆலைகளில் எத்தனை வேலைப் படிவங்களில் அந்த மூன்றாம் கட்டம் இருக்கிறது? சங்கத் தோழர்கள் நாளைக் காலைப் பணிமுறையிலேயே கேட்டுப் பார்க்கட்டும்.