பாறையேறும் சிறு வண்டிகள்: பொதுவுடைமையான ஒரு பொழுதுபோக்கு

தொலைக்கட்டுப்பாட்டுக் கருவியால் சிறு வண்டியைக் கரடுமுரடான பாறைகளின் மீது மெல்ல ஏற்றி இறக்கும் ‘ராக் கிராலிங்’, 2000களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆர்வலர்களிடையே பரவியபோது, அதற்கெனச் செய்த வண்டிகள் கடைகளில் அரிதாகவே இருந்தன. ஜப்பானின் தமியா நிறுவனம் 1987இல் வெளியிட்ட, ஒவ்வோர் அச்சிலும் தனி மோட்டார் கொண்ட ‘கிளாட் பஸ்டர்’ போன்ற வண்டிகளைப் பிரித்து, அவற்றின் அச்சுகளைத் தாமே செய்த சட்டகத்தில் பொருத்த வேண்டியிருந்ததால், கைத்திறன் வாய்த்தோருக்கே அது வசப்பட்டது.

ஆக்ஸியல் நிறுவனத்தின் ‘ஏஎக்ஸ்10 ஸ்கார்ப்பியன்’ 2007இல் வந்தபின், பாறையேற்றத்துக்கென வடிவமைத்த பாகங்கள் ஒரே பெட்டியில் கிடைத்தன. டிராக்ஸஸ் 2017இல் வெளியிட்ட ‘டிஆர்எக்ஸ்-4’, வளைவுகளில் இருபுறச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடந்தரும் ‘டிஃபரென்ஷியல்’ என்னும் பல்லிணைப்பை, கையிலுள்ள கருவியிலிருந்தே பூட்டவும் விடுவிக்கவும் வகைசெய்தது. அடுத்து வந்த ஆக்ஸியலின் ‘எஸ்சிஎக்ஸ்24’, அசல் வண்டியின் 24இல் ஒரு பங்கு அளவில், ஏறத்தாழ ஒரு சாண் நீளத்தில், பூட்டி முடித்த நிலையிலேயே விற்கப்பட்டமையால், முற்றத்தில் அடுக்கிய சில கற்களே புதியவருக்குப் போதிய களமாயின.

வேகத்தை விடப் பொறுமையைப் போற்றும் இக்கலை, பட்டறை இல்லாதவருக்கும் உரியதானதே இவ்வரலாற்றின் பெரும் பயன்.