மாதிரித் தொடருந்துகளின் சரக்கு ஊர்திகள்

மாதிரித் தொடருந்துகளின் தட்டைப் பெட்டிகளில் சரக்காக ஏற்றப்படும் சிறு கார், லாரி, டாங்கி ஆகியவை மலிவாகவும் எடை குறைந்தும் இருக்க வேண்டும். இரண்டும் ஒருங்கே வாய்ப்பது நெடுங்காலம் எளிதாக இருக்கவில்லை.

இலண்டனின் லெஸ்னி நிறுவனம் 1953 இல் தொடங்கிய மேட்ச்பாக்ஸ் கார்கள் மலிவானவை. ஆனால் அவை தண்டவாளத்துக்காகப் பிறந்தவை அல்ல. சிறு அட்டைப் பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பதே அவற்றின் அளவுகோல். பேருந்தும் காரும் ஏறக்குறைய ஒரே நீளம். பின்னாளில் பல கார்கள் 1:64 அளவை ஒட்டி வந்தன. பரவலான எச்.ஓ. தொடருந்தின் அளவோ 1:87. 4.5 மீட்டர் நீளக் கார் எச்.ஓ.வில் 52 மி.மீ. இருக்க வேண்டும், 1:64 இல் அது 70 மி.மீ. ஆகிவிடும். நிலைய மேடையில் நிற்கும் பொம்மை மனிதருக்குப் பக்கத்தில் இந்த வேறுபாட்டை மறைக்க முடியாது.

எடை அதைவிடப் பெரிய தொல்லை. துத்தநாகக் கலவை வார்ப்பைத் தட்டைப் பெட்டியின் மேல் வைத்தால் ஈர்ப்பு மையம் உயரும். வளைவில் பெட்டி கவிழும். இத்தகைய பெட்டிகள் பல சேர்ந்தால் ஏற்றத்தில் எஞ்சினின் சக்கரம் வழுக்கும்.

தீர்வு நெகிழியில் வந்தது. போருக்கு முன் உலோகக் கப்பல் மாதிரிகள் செய்துவந்த பெர்லினின் வைகிங் நிறுவனம், 1940களின் இறுதியில் நெகிழி ஊர்திகளுக்கு மாறியது. தொடக்கக் கார்களுக்குச் சன்னல் கண்ணாடிகூட இல்லை. சரக்காக நிற்க அதுவே போதும். 1960 இல் ஆஸ்திரியாவில் தொடங்கிய ரோகோ, 1:87 அளவில் நெகிழி டாங்கிகளை விற்றது. பனிப்போர்க் காலத்தில் உண்மைத் தண்டவாளங்களிலும் டாங்கிகள் சென்றதால், வீட்டுத் தொடருந்தில் அவை இயல்பாகவே பொருந்தின.